2604-இல் பிறந்த சின்னப்பாட்டி: சயாமுக்குப் போன ஒருவரைத் தேடி

முதல் நாள், கோலாலம்பூர்

என் சின்னப்பாட்டி 2604-ஆம் ஆண்டு பிறந்தவர். எழுத்துப் பிழை இல்லை, அவருடைய பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது: 19.2.2604. எங்கள் வீட்டில் அந்தத் தாளுக்கு இன்றைக்கும் சூராட் பெரானாக் என்றுதான் பெயர். பழுத்த இலை நிறத்தில், நான்காக மடித்து மடித்து மடிப்பிலெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருக்கும். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த மூன்றரை வருஷமும் அவனுடைய கணக்கில்தான் ஆண்டு ஓடியது. 1942 என்றால் 2602, 1943 என்றால் 2603. ஆக சின்னப்பாட்டி பிறந்தது 1944 பிப்ரவரி 19. சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வோம், "பாட்டி நீங்க இன்னும் பொறக்கவே இல்ல" என்று.

அவர் அப்பாவை, அதாவது என் கொள்ளுத்தாத்தாவை, அவர் பார்த்ததில்லை. சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது போனவர் திரும்பவில்லை. போனது எப்போது, செத்தது எப்போது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. திதி தெரியாததால் வீட்டில் மகாளய அமாவாசைக்குத்தான் அவருக்குப் படைப்பார்கள். எனக்கு இந்தத் தேதி விஷயம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. போன தீபாவளிக்குக் குடும்ப மரம் ஒன்றைக் கணினியில் போட்டு எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன், அவர் பெயருக்குக் கீழே இறப்பு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சின்னப்பாட்டி அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செத்த தேதி கெடக்கட்டும்யா, நான் வயித்துல இருந்தது அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு ஏதாச்சும் பேப்பர்ல இருக்குமா?" என்று கேட்டார். எண்பது வயது தாண்டியவர். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இதை வாய்விட்டுக் கேட்டதில்லை.

அதனால்தான் இந்தப் பயணம். ஆறு நாள். பெயர்களைப் போடப் போவதில்லை, பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கையில் இருப்பது இவ்வளவுதான். ஒன்று, அந்தப் பிறப்புப் பத்திரம். அப்பா பெயர் இருக்கிறது, தொழில் தோட்டக் கூலி. பிறப்பைப் பதிந்தவர் என்ற இடத்தில் தோட்டத்துக் கிராணியின், அதாவது எழுத்தரின், கையெழுத்து. இரண்டு, சுதந்திரம் கிடைத்த பிறகு குடியுரிமைக்காகக் கொள்ளுப்பாட்டி கொடுத்த மனுவின் நகல். கணவர் இறந்துவிட்டார், சயாம், 1943 என்று யாரோ அவருக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று, ஒரு சொல். "கிஞ்சாக்கு". சயாமிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "அண்ணனைக் கடைசியாக் கிஞ்சாக்குல பார்த்தேன்" என்று கொள்ளுப்பாட்டியிடம் சொன்னாராம். அது ஊரா, ஆற்றின் பெயரா, ஆஸ்பத்திரியா என்று தெரியாமலே எண்பது வருஷமாக அந்தச் சொல் எங்கள் வீட்டில் கிடக்கிறது.

இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் முழு நாளும் உட்கார்ந்திருந்தேன். போருக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தொழிலாளர் இலாகாக் கோப்புகள் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில், தட்டச்சு மை மங்கிப்போய், பூச்சி அரித்த ஓட்டைகளோடு. நான் பார்த்த கோப்புகளில் நம் ஆட்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பினார்கள், இத்தனை விதவைகளுக்கு உதவி. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல் என்கிறார்கள், அதில் பெரும்பங்கு தோட்டத்துத் தமிழர்கள். ஒரு பெயர்கூடக் கண்ணில் படவில்லை. வெளியே வந்து ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒன்று மட்டும் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன், கொஞ்சம் கூச்சமான கணக்கு. 1944 பிப்ரவரி 19-இல் குழந்தை என்றால், 1943 மே மாதக் கடைசியில் தாத்தா வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள், பத்தாங் பெர்ஜுந்தை

இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நம்மவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். தோட்டம் அங்கிருந்து உள்ளே. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இருந்த இடத்தில் கிணற்றுத் திட்டு ஒன்று மட்டும் மிச்சம். மாரியம்மன் கோயில் இருக்கிறது, புதுச் சாயத்தோடு பளிச்சென்று.

கோயிலுக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. நான் பெயரைச் சொன்னதும், "ஒங்க கொள்ளுத்தாத்தாவ நான் பாத்திருக்கேன் தம்பி, மீச பெருசா இருக்கும்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல இல்ல, அது வேற ஆளு, மாட்டு வண்டி வச்சிருந்தவரு" என்றார்.

ஆனால் அந்தக் காலத்தை அவர் சொன்ன விதம் எந்தக் கோப்பிலும் கிடைக்காது. துரைமார்கள் ஓடிப்போன பிறகு தோட்டத்தைக் கிராணியும் கங்காணியும்தான் பார்த்துக்கொண்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை, பால் வெட்டு நின்றுபோனது, சம்பளம் இல்லை. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். துணி இல்லை, கோணிச்சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் வந்து, மூன்று மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடு, துணி, குடும்பத்துக்கும் பணம் என்றால் யார் போகமாட்டார்கள்? முதலில் தாங்களாகவே போனார்கள். போனவர்களிடமிருந்து சத்தமே இல்லை என்றதும் மற்றவர்கள் பயந்து ஒளிய ஆரம்பித்தார்கள், அப்புறம்தான் பிடி. இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு வரும், கிராணி பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா படம் காட்டுகிறோம் என்று டவுனுக்குக் கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றியதும் உண்டு.

"கிராணி பேர் எழுதலன்னா கிராணிக்கு அடி விழும்" என்றார் பெரியவர். கிராணியின் சார்பில் பேசுகிறாரா, இல்லை சும்மா நடந்ததைச் சொல்கிறாரா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானோ அந்தப் பிறப்புப் பத்திரத்தில் இருந்த கையெழுத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தா பெயரைச் சயாம் பட்டியலில் எழுதிய அதே கைதான் அவர் மகள் பிறந்ததையும் போய்ப் பதிந்திருக்கும்.

அப்புறம் அவருடைய மருமகள் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்துவந்து வைத்தார். கோயில் கணக்கு நோட்டுகள். பெரியவரின் அப்பா கோயில் பொறுப்பில் இருந்தவராம். தலைக்கட்டு வரி, விளக்கெண்ணெய், பூசாரிக்கு வேட்டி, எல்லாம் தமிழில், அந்தக் காலத்துக் கட்டை எழுத்தில். கறையான் கொஞ்சம் சாப்பிட்டது போக மிச்சம் நன்றாகவே இருந்தது. அவர் ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். மேலே "விய ௵ ஆடி ௴" என்று, அதாவது விய வருஷம் ஆடி மாதம் என்று, இருந்தது. "இது நாப்பத்தாறு, சயாமிலேர்ந்து வர்றவன் எல்லாம் வந்து முடிஞ்ச பொறவு எழுதினது" என்றார்.

தலைக்கட்டுப் பெயர்கள் வரிசையாக. சில பெயர்களுக்கு எதிரே முழு வரி. பல பெயர்களை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "சயாம், வரவில்லை" என்று எழுதி, கீழே மனைவி பெயரும் அரை வரியும். விதவைக்கு அரைத் தலைக்கட்டு, அதுதான் வழக்கம். தாத்தா பெயர் மேலிருந்து ஒன்பதாவது. சயாம், வரவில்லை. யாருக்குமே இறந்தார் என்று போடவில்லை. நான் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

கையோடு எல்லா நோட்டையும் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மருமகள் கோப்பியும் மீ கோரேங்கும் கொடுத்தார். "பசியாறாம போகாதீங்க" என்றார். மணி மூன்றாகிவிட்டது, இருந்தாலும் பசியாறினேன்.

மூன்றாம் நாள், ரயிலில்

விமானத்தில் பாங்காக் போயிருந்தால் இரண்டு மணி நேரம். வேண்டுமென்றே ரயில். அவர்களை ஏற்றிக்கொண்டு போன பாதை இதேதான், வடக்கே தாய்லாந்து எல்லையைத் தாண்டி பான் போங் வரை. சரக்குப் பெட்டி, இரும்புச் சுவர், உட்காரக்கூட இடமில்லாமல், நாலைந்து நாள்.

எனக்குக் குளிரூட்டிய ஈடிஎஸ் மின்சார ரயில். ஐந்தரை மணி நேரத்தில் பாடாங் பெசார். அங்கே ஒரே ஸ்டேஷனுக்குள் இரண்டு நாட்டுக் குடிநுழைவும், கடப்பிதழில் இந்தப் பக்கம் ஒரு முத்திரை அந்தப் பக்கம் ஒரு முத்திரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டு பாங்காக் வண்டி. பெரியம்மா கொடுத்துவிட்ட கறுப்பு எள்ளுப் பொட்டலத்தை அதிகாரி கையில் எடுத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். இரவு ஏழரைக்கெல்லாம் வண்டிக்காரர் வந்து இருக்கையை இழுத்து வெள்ளைத் துப்பட்டி விரித்துப் படுக்கையாக்கிவிட்டார். கீழ்ப்படுக்கை. தூக்கம் வரும் என்று நினைக்கவில்லை, ஆனால் நன்றாகவே தூங்கிவிட்டேன். எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்காம் நாள், காஞ்சனபுரி

நக்கோன் பாத்தோமில் இறங்கி, தொன்புரியிலிருந்து நாம் டோக் போகும் சாதாரண வண்டியைப் பிடித்தேன். வெளிநாட்டவருக்கு 100 பாட். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல், கூடையில் சோற்றுப் பொட்டலம் விற்கும் அம்மாக்கள். அதற்கு முன்பே, காலையில் பாங்காக் வண்டி பான் போங்கைச் சட்டென்று தாண்டிவிட்டிருந்தது. ஒரு சந்தை, சில வீடுகள், நாய். இங்கேதான் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டிருக்கிறார்கள். சிலர் 200 கிலோமீட்டருக்கும் மேல், மழைக்காலத்தில், காட்டுக்குள். அடுத்து நோங் பிளாடுக், பர்மாப் பக்கம் பாதை பிரியும் இடம். இங்கிருந்து பர்மாவில் இருக்கும் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். 1942 ஜூன் வாக்கில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது. பதினாறு மாசம்.

காஞ்சனபுரியில் இறங்கிப் பையை விடுதியில் போட்டுவிட்டு நேராகப் போர்க் கல்லறைக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான்.

அழகான இடம், சொல்லித்தான் ஆக வேண்டும். வெட்டிவிட்ட புல், ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் ஒரு பூச்செடி, ஏறக்குறைய 7,000 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படை, வயது, தேதி. பாதை போட்ட போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல், செத்தவர்கள் 12,000-க்கும் மேல். 1943 மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் காலரா வந்தபோது பிணங்களைப் புதைக்கவில்லை, எரித்துவிட்டார்கள். அந்த 300 பேரின் சாம்பலை இரண்டே குழியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் 300 பெயரையும் மண்டபத்துச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். சாம்பலைப் பிரிக்க முடியாது, பெயரைப் பிரித்து எழுத முடியும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

பக்கத்திலேயே தாய்லாந்து பர்மா ரயில் பாதை மையம் என்ற அருங்காட்சியகம். 2003-இல் ஆரம்பித்தது, ரோட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் காட்டுக்குள் நடந்து நடந்து பழைய பாதையைக் கண்டுபிடித்து அளந்து உருவாக்கியது. போர்க் கைதிகளின் பிள்ளைகளும் பேரன்களும் இங்கே வந்து பெயரைக் கொடுத்தால் எந்த முகாமில் இருந்தார், எந்தத் தேதியில் எங்கே மாற்றினார்கள் என்று தேடிச் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

எப்படி முடிந்தது இது என்று மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். எளிய காரணம்தான். கைதிகளுடன் அவர்களுடைய அதிகாரிகளும் இருந்தார்கள், ஒளித்து ஒளித்துப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார்கள், யாரை எங்கே புதைத்தோம் என்று வரைபடம் போட்டு வைத்திருந்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு தேடும் குழு அந்த ரயிலிலேயே ஏறி முகாம் முகாமாகப் போய், 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்துவிட்டது. நம்மவர்களுக்கு அதிகாரி யார்? கங்காணி. அவரும் காலராவில் போயிருப்பார். மலாய்க்காரர், தமிழர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். செத்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. அவர்களுக்கு டாக்டர்கூட இல்லாமல், 1943 ஜூனுக்குப் பிறகுதான் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து கே படை, எல் படை என்று கைதி மருத்துவர்களை அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் பாதி முடிந்துவிட்டது.

அவரிடம் "கிஞ்சாக்கு" என்று சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார். சுவரில் இருந்த பெரிய வரைபடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆற்றோரமாக விரலை மேலே நகர்த்தி, ஒரு புள்ளியில் நிறுத்தினார். கின்சாயோக்.

நோங் பிளாடுக்கிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். எண்பது வருஷமாக எங்கள் வீட்டுச் சமையலறையில் மட்டும் இருந்த ஒரு சொல், குளிரூட்டிய அறையில், ஆங்கில எழுத்தில், சுவரில். பெரியம்மாவுக்கு உடனே படம் அனுப்பினேன். "பாட்டி சரியாத்தான் சொல்லிருக்கு" என்று பதில் வந்தது, கூடவே மூன்று கும்பிடு.

ஐந்தாம் நாள், காஞ்சனபுரி

காலையில் பாலம். பயணக் கூட்டம், பனியன் கடை, செல்ஃபி. வளைந்த சட்டங்கள் பழையவை, ஜாவாவிலிருந்து ஜப்பான்காரன் கழற்றிக் கொண்டுவந்தது. நடுவில் நேராக இருப்பவை குண்டு விழுந்த பிறகு மாட்டியவை. ஆற்றின் பெயரே வேறு அப்போது, மே குளோங். பிறகுதான் குவே யாய் என்று மாற்றினார்கள். இதற்கு மேல் பாலத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது, அங்கே ஈ காக்கை இல்லை. 1944 பிப்ரவரியில் ஜப்பான் ராணுவமே கட்டியது, பாதை போட்டுச் செத்தவர்களுக்காக. அவர்கள் மொழிகளில் பலகைகள் வைத்திருக்கிறார்கள், அதில் தமிழும் ஒன்று. வேலை வாங்கிக் கொன்றவனே கல்வைத்து அஞ்சலி செலுத்தியிருக்கிறான் என்று கோபப்படுவதா, வேறு யாரும் தமிழில் ஒரு வரி எழுதாத நேரத்தில் அவனாவது எழுதினான் என்பதா? தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. சின்னப்பாட்டி பிறந்ததும் அதே மாதம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மத்தியானம் வாட் தாவோர்ன் வராராம். வியட்நாமிய பௌத்தக் கோயில். பின்னால் ஒரு ஸ்தூபி, போர் முடிந்த பிறகு தோண்டி எடுத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த இடம். பதினாயிரம் பேரின் சமாதி என்று சீனத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கோயில் வளாகத்தில்தான் தமிழர்களுக்காக 2023-இல் நடுகல் வைத்திருக்கிறார்கள். நடுகல் என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்துக்கு வெளியே நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. யாரோ ஒருவர் சாமந்தி மாலை போட்டுவிட்டுப் போயிருந்தார், வாடவில்லை, அன்றைக்குக் காலையில் போட்டதாக இருக்கும். இவர்களில் ஒருவராகத் தாத்தா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கின்சாயோக் இங்கிருந்து ரொம்ப தூரம்.

இரவு விடுதியில் உட்கார்ந்து கோயில் நோட்டுப் படங்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பொழுது போகவில்லை என்றுதான். ஒரு பக்கத்தில் "சுபானு ௵ ஆடி ௴ கூழ் ஊத்தின வகைக்கு" என்று இருந்தது. அன்றைக்குப் பெரியவர் காட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை. சுபானு எந்த வருஷம் என்று எனக்கு எங்கே தெரியும்? விய 1946 என்று பெரியவர் சொன்னது ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் பார்த்திப, அதற்கு முன்னால் தாரண, அதற்கும் முன்னால் சுபானு. விரல் விட்டு எண்ணினேன். 1943.

பட்டியல் அதே தலைக்கட்டுகள்தான். ஏழெட்டுப் பெயர்களுக்கு எதிரே அப்போதே "சயாம்" என்று எழுதி, கட்டம் காலியாக இருக்கிறது. மற்றவர்களுக்கு எதிரே காசும், பக்கத்தில் கைநாட்டும். தாத்தா பெயர் இங்கே பதினொன்றாவது. 50 காசு. பக்கத்தில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். மை அதிகமாகி இடது ஓரம் ஒழுகியிருக்கிறது, நடுவில் சுழி தெளிவாகத் தெரிகிறது, குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. பால் வெட்டும் கத்தி கிழித்த தழும்பா, நோட்டில் விழுந்த மடிப்பா, சொல்ல முடியவில்லை. அவரை யாரும் போட்டோ எடுத்ததில்லை. எங்களிடம் இருக்கும் அவருடைய உடம்பு இவ்வளவுதான்.

அப்புறம்தான் கணக்கு ஓடியது. ஆடி பிறப்பது ஜூலை நடுவில். ஆடி மாதம் கூழ் ஊற்றியபோது அவர் தோட்டத்தில் இருந்திருக்கிறார். கொள்ளுப்பாட்டிக்கு அப்போது இரண்டு மாசம் கடந்திருக்கும், மசக்கை உச்சத்தில் இருக்கும் நேரம். லயத்து வீடு ஒரு அறைதான். தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அவர் மனைவி கொடுத்தனுப்பிய காசுக்கு வேறு யாராவது கைநாட்டு வைத்திருக்கலாமே என்று நானே எதிர்க்கேள்வி கேட்டுப் பார்த்தேன். ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் அந்தப் பக்கத்திலேயே "சயாம்" என்று எழுதிவிட்டார்களே. சரி, வழக்கு ஜெயித்தது.

ஆனால் இன்னொன்று உடைந்துபோனது. ஆடிக்குப் பிறகு பிடித்துப் போய், ரயிலில் நாலைந்து நாள், அப்புறம் நடை என்றால் கின்சாயோக் போய்ச் சேரும்போது ஆகஸ்ட் கடைசி, இல்லை செப்டம்பர். பாதையே அக்டோபரில் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் ஆட்களை விடவில்லை, விறகு வெட்டவும் பாதையைப் பழுது பார்க்கவும் 1945 வரை வைத்திருந்தார்கள், மேலே விமானக் குண்டு வேறு. ஆக, குடியுரிமை மனுவில் இருக்கும் 1943 என்பது கொள்ளுப்பாட்டிக்கு அவர் போன வருஷம். செத்த வருஷமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

ஆறாம் நாள், சாய் யோக்

காலை பஸ். நெருப்புக் கணவாய் என்று சொல்லலாமா, ஹெல்ஃபயர் பாஸ் என்று உலகம் முழுக்கப் பெயர், அங்கே முதலில் இறங்கினேன். 25 மீட்டர் ஆழத்துக்குப் பாறையைக் கையால் குடைந்திருக்கிறார்கள், சுத்தியலும் கம்பியும் வைத்து, ராத்திரியும் பகலும். பாறையில் உடைந்துபோன துளையிடும் கம்பி ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. தண்டவாளம் கிடையாது. ரயில் நாம் டோக்கோடு சரி, அதற்கு மேலே போருக்குப் பிறகு பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த பஸ்ஸில் சாய் யோக் தேசியப் பூங்கா. நான் தூங்கிவிட்டதால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். கின்சாயோக் முகாம்கள் இருந்தது இங்கேதான். தேக்கு மரங்கள், கூடாரம் போட்டுப் பிள்ளைகளோடு வந்த தாய்க் குடும்பங்கள், நேராக ஆற்றுக்குள்ளேயே விழும் அருவி. ஜப்பான் படையின் சமையல் அடுப்பு இருந்த இடம் என்று ஒரு பலகை, தரையில் மண் மேடும் சில குழிகளும், மேலே சருகு. தமிழர் முகாம் எது என்று காட்ட எந்தப் பலகையும் இல்லை.

குவே நோய் ஆற்றங்கரையில் இறங்கினேன். தண்ணீர் பச்சையாக, நிதானமாகப் போனது. பெரியம்மா கொடுத்த எள்ளைத் தண்ணீரோடு விட்டேன். மந்திரம் எதுவும் தெரியாது. பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் எள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குட்டிப் பையன் மிதவையோடு வந்து நின்று என்னையே பார்த்தான்.

சின்னப்பாட்டிக்கு வீடியோ அழைப்பு. முதலில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது, அப்புறம் பேத்தி போனைச் சரியாகப் பிடித்தாள். ஆற்றைக் காட்டினேன். அருவியைக் காட்டினேன். பிறகு கைநாட்டுப் படத்தை அனுப்பி, ஆடி மாசம், கூழ், 50 காசு, இரண்டு மாசக் கணக்கு என்று எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

"அந்த ஆடிக் கூழ் பிடிக்காம வாந்தி வந்துச்சுன்னு அம்மா சொல்லும்யா" என்றார். "மரவள்ளி மாவுல காய்ச்சினது. அப்பா கோயில்லேர்ந்து தூக்குல வாங்கிட்டு வந்துச்சாம். கூழை எடுத்து வெளிய கொட்டிப்புட்டு, எளநி பறிச்சிக் கொடுத்துச்சாம். அது அண்ணன் வயித்துல இருந்தப்ப நடந்ததுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் பிறந்தது 1938. அந்த வருஷம் அரிசி இருந்தது, கூழுக்கு மரவள்ளி மாவைத் தேட வேண்டியதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. போன் திரையில் ஒரு பக்கமாகத் திரும்பி யாரிடமோ, "தெரியுமாம்டி" என்று சொல்வது கேட்டது.

அப்புறம் திரும்பி, "அங்க சோறு கெடைக்குதா, சாப்பிட்டியா நீ?" என்றார்.